செவ்வாயின் காற்றும் அர்ச்சுனனின் கைக்கடிகாரமும்

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் ஊரில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். திடலில் உயரமான தபசு மரம் நட்டிருப்பார்கள். வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை விரித்து ஏந்துவார்கள். அந்த நேரத்தில் அது மரம் இல்லை, கைலாயம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அந்த வருடம் அர்ச்சுனன் பழம் வீசக் கையை ஓங்கியபோது மணிக்கட்டில் கைக்கடிகாரம் பளிச்சென்று மின்னியது. கழற்ற மறந்துவிட்டார். பையன்கள் கூச்சலிட்டோம், பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் இறங்கும்வரை அவரை அர்ச்சுனனாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு மரத்தைக் கைலாயமாக ஏற்றுக்கொண்ட கூட்டம் ஒரு கடிகாரத்தை ஏற்கவில்லை. அறிவியல் புனைகதைப் படங்களில் எது நம்மை உறுத்துகிறது, எது உறுத்துவதில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரம்தான் என் நினைவுக்கு வருகிறது.

கதை கேட்கும்போது நாம் நம்பாமையை விரும்பியே ஒதுக்கி வைக்கிறோம் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-இல் எழுதினார். இருநூறு ஆண்டுகளாக எல்லோரும் இதையே சொல்லி வருகிறார்கள். ஆனால் உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1993-இல் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். நம்புவதற்கு முயற்சி வேண்டியதில்லை, நம்பாமல் இருப்பதற்குத்தான் முயற்சி வேண்டும் என்றார் அவர். அதற்கு முன்பே, 1990-இல், டேனியல் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்திருந்தார்கள். சில வாக்கியங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் உண்மையா பொய்யா என்றும் சொன்னார்கள். நடுநடுவே ஒரு சின்ன வேலை கொடுத்துக் கவனத்தைக் கலைத்தார்கள். கவனம் கலைந்தபோது, பொய் என்று சொல்லப்பட்ட வாக்கியங்களையே பலர் உண்மை என்று பிறகு நினைவுகூர்ந்தார்கள். உண்மையைப் பொய்யாக நினைப்பது அந்த அளவுக்குக் கூடவில்லை. மனம் முதலில் எதையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. தள்ளுவது அதற்கடுத்த வேலை. அந்த வேலைக்குக் கவனமும் வேண்டும், கைவசம் தயாராக இருக்கும் அறிவும் வேண்டும். கதையில் மூழ்கியவனிடம் கவனம் மிச்சமிருப்பதில்லை. மீதி இருப்பது அவன் அறிவு. அதுவும் ஆளுக்கு ஆள் வேறு.

இதை என் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆலங்காயத்துப் பக்கம் வேர்க்கடலையும் கேழ்வரகும் பயிரிடுகிறவர். ஒரு நாள் என் வீட்டில், செவ்வாய்க் கோளில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனின் கதையான 'தி மார்ஷியன்' படத்தைப் போட்டேன். 2015-இல் வந்த படம். செவ்வாய்க்குப் போவதையும் அங்கே தங்குவதையும் மாமா ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீரன் உருளைக்கிழங்கு நடத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, தண்ணீருக்கு எங்கே போவான்?" ராக்கெட் எரிபொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எரித்துத் தண்ணீர் உண்டாக்குகிறான் என்றேன். "எரு?" மனிதக் கழிவைத்தான் மண்ணில் கலக்கிறான். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடி சாய்ந்துகொண்டார்.

நானோ படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கதையிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தேன். காரணம், கதைக்கே அடித்தளமான அந்தப் புயல். ராக்கெட்டைச் சாய்க்கிறது, உலோகத் துண்டுகளைப் பெயர்த்து ஆள்மேல் வீசுகிறது. செவ்வாயில் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றின் அடர்த்தி ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: செவ்வாயின் பலத்த புயல்களில் காற்று மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அந்தக் காற்று நம்மைத் தள்ளுவது, இங்கே மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று தள்ளுவதைப் போல. வேலூர் வெயிலில் மாலையில் மாடியில் ஒரு காற்று வந்தால் நிம்மதியாக உட்காருவோமே, அந்த அளவுதான். ராக்கெட் அசையாது. கதையை எழுதியவரே இந்தப் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வீரனைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்ப ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு தண்ணீருக்கும் எருவுக்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் அவரை மன்னித்துவிட்டேன்.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்பதை நான் குறையாகச் சொல்வதில்லை. காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்பது பள்ளிப்பாடம்தான். ஆனால் கூத்தில் பின்பாட்டும் முகவீணையும் கைலாயத்தில் ஒலிப்பதாக யாரும் நினைப்பதில்லை. அது பார்க்கிறவர்களுக்கானது. படத்தில் வெடிச்சத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

விண்கலத்தின் சன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் கண்சிமிட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நட்சத்திரம் சிமிட்டுவதில்லை. சூடும் குளிருமாகக் கலைந்துகொண்டே இருக்கும் நம் வளிமண்டலம் அதன் ஒளியை இப்படியும் அப்படியும் வளைக்கிறது, அதுதான் சிமிட்டல். ஜவ்வாது மலைக் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. ஊர் வெளிச்சத்திலிருந்து விலகி மலைக்காட்டுக்குள் போய் உட்கார்ந்தும், அங்கே வேலை செய்கிறவர்கள் இந்தக் காற்றின் கலக்கத்தோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறார்கள். பிறகு ராமானுஜன் பெயரைப் பெற்ற சிறுகோளை 1988-இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். இப்படி ஒரு இடம் பக்கத்தில் இருக்கிறது. விண்வெளிப் படம் எடுக்கும் நம் இயக்குநர்கள் ஒரே ஒரு இரவு அங்கே போய் நிற்கவேண்டும் என்பது என் ஆசை.

தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' சாட்சி. இயற்பியலாளர் கிப் தோர்ன் கருந்துளையைச் சுற்றி ஒளி வளையும் சமன்பாடுகளைக் கொடுத்தார். கணினி வரைகலைக் குழு அவற்றைக் கொண்டே படமாக்கியது. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் பின்பகுதி மேலும் கீழும் வளைந்து தெரியும் அந்த உருவம் சமன்பாட்டிலிருந்து பிறந்தது. அந்த வேலை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. சுழலும் வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும் விலகும் பக்கம் மங்கலாகவும் தெரியவேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அதைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள். 2019-இல் வெளியான, உண்மையான கருந்துளையின் முதல் நிழற்படத்தில் ஒளிவளையத்தின் ஒரு பக்கம் தெளிவாகவே பிரகாசமாக இருந்தது. தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. அவர்கள் கடிகாரத்தைக் கழற்ற மறந்தவர்கள் இல்லை.

படம் முடிந்ததும் மாமாவிடம் புயல் கணக்கைச் சொன்னேன். அறுபதில் ஒரு பங்கு என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வலது கையை உயர்த்தி, முறத்திலிருந்து தானியத்தைச் சரிப்பதுபோல மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.

"அப்படியென்றால் அங்கே கேழ்வரகு தூற்றமுடியாது, மாப்பிள்ளை. பதர் பறக்காது. மணியும் பதரும் ஒன்றாகக் காலடியிலேயே விழும்."