பொறுப்பாக்க வேண்டாம், கணக்குக் கேளுங்கள்

போன மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு துண்டறிக்கை வந்தது. முதல் வரியே இப்படி: "பட்ஜெட் திருத்தங்களின் மீது அளிக்கும் வாக்குகளுக்கு மக்கள் பிரதிநிதிகளைப் பொறுப்பாக்க வேண்டும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாப் பொறுப்பும் அவங்க கையிலதான இருக்கு? இன்னும் என்ன பொறுப்பைக் குடுக்கணுங்கிறாங்க?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் புரிந்தது.

அவருக்குப் புரிந்ததுதான் தமிழ். "மூத்தவனைக் கடைக்குப் பொறுப்பாக்கிவிட்டுத் திருப்பதி போனார்" என்றால் கடையை அவன் கையில் கொடுத்தார் என்று பொருள். பொறுப்பு அமைச்சர், பொறுப்பு ஆளுநர் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பொறுப்பு என்பது வேலை தொடங்கும்முன் தோளில் ஏற்றுவது; பொறு என்ற வினையே சுமை தாங்குவதைச் சொல்கிறது. துண்டறிக்கை எழுதியவர் சொல்ல வந்ததோ வேலை முடிந்தபின் நடக்க வேண்டியதை: "நீ போட்ட ஓட்டு என்ன, ஏன் போட்டாய், சொல்." முன்னதும் பின்னதும் தலைகீழாகிவிட்டன.

மூலச்சொல் அக்கவுண்டபிலிட்டி. அதன் வேரைத் தோண்ட அதிக நேரம் ஆகாது. எண்ணுவதைக் குறிக்கும் லத்தீன் வினை ஒன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அக்கவுண்ட் ஆனது. வங்கியில் நாம் வைத்திருப்பதும் அதே அக்கவுண்ட்தான். அதாவது, கணக்கு. தமிழாக்கம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பொறுப்புக்கூறல், பொறுப்புடைமை, பதிலளிக்கும் கடப்பாடு என்று மூன்று சொற்கள் வரிசையில் நிற்கின்றன.

பொறுப்புக்கூறல் இலங்கைத் தமிழில் வேரூன்றிய சொல். போர்க்காலக் குற்றங்களைப் பற்றிய பேச்சில் அதற்கென்று ஒரு கனம் சேர்ந்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இலக்கணம் பார்க்க எனக்கு வாய் வராது. அங்கே அது இருக்கட்டும். ஆனால் அதை அப்படியே தூக்கி வந்து பட்ஜெட் ஓட்டுக்குப் பொருத்தும்போது கூறல் இடிக்கிறது. பொறுப்பை யார் கூறுவது, யாரிடம் கூறுவது? கூறிவிட்டால் முடிந்ததா? நம் சட்டமன்றங்களில் கூறலுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.

பொறுப்புடைமை என்பது குணம். பொறுப்பான பிள்ளை என்று சொல்கிறோமே, அது. நல்ல குணம்தான். ஆனால் பொறுப்பான பிள்ளையும் கடைக்குப் போய்விட்டு வந்து மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கத்தான் வேண்டும். குணம் ஒருவருக்குள் இருப்பது. கணக்கு இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டதுதான் அந்தச் சொல்லின்மேல் எனக்குள்ள கோபம். அரசாங்கப் படிவங்களில் அது இவ்வளவு சௌகரியமாகக் குடியேறியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். குணத்தை யாரும் தணிக்கை செய்ய முடியாதல்லவா?

பதிலளிக்கும் கடப்பாடு பரவாயில்லை. ஆனால் அது அமைச்சருக்குரியது. துறைக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அவர் பதிலுரை ஆற்றுகிறார். ஓட்டுப் போட்ட சாதாரண உறுப்பினர் எந்தப் பதிலுரையும் ஆற்றுவதில்லை.

பொறுப்பாக்குதலுக்கு எதிராக அரசியலமைப்பே ஒரு சாட்சி சொல்கிறது. அவையில் பேசிய பேச்சுக்காகவோ போட்ட ஓட்டுக்காகவோ ஓர் உறுப்பினர்மீது நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்க முடியாது. நாடாளுமன்றத்துக்குப் பிரிவு 105(2), மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பிரிவு 194(2). லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. அது தனிக் கதை. மற்றபடி ஓட்டுக்காக ஒருவரைக் கூண்டில் ஏற்ற வழியில்லை. தொகுதிக்காரர்கள் கேட்கலாம், அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? ஆயிரத்து நூறு வருஷமாக இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது, குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில், வாரியங்களில், அதாவது சபையின் குழுக்களில், இருந்துவிட்டுக் "கணக்குக் காட்டாதே இருந்தாரையும்" விலக்குகிறது. அவரை மட்டுமா? அவருடைய சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள் என்று உறவுமுறையையே ஓரங்கட்டுகிறது. அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. அதை இன்றைய மக்களாட்சிக்கு முன்னோடி என்று மேடையில் முழங்குவது எனக்கு உவப்பில்லை. ஆனால் சொல் யாருக்கும் சொந்தமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ன செய்ய வேண்டும்? கணக்குக் காட்ட வேண்டும். தேர்ந்தெடுத்தவன்? கணக்குக் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் கோயில் கொடை முடிந்ததும் வரவு செலவை மைக்கில் வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு. தணிக்கைக்கு ஆங்கிலத்தில் ஆடிட் என்கிறார்களே, அதன் லத்தீன் வேருக்கும் 'காதால் கேட்பது' என்றுதான் பொருள். நம்முடைய 'கேள்' வினாவுவதையும் செவிகொடுப்பதையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

கணக்கு என்றால் பணம்தானே என்பார்கள். ராத்திரி தாமதமாக வந்த மகன், "எங்கே போனேன் வந்தேன்னு எல்லாத்துக்கும் கணக்குச் சொல்லணுமா?" என்று கத்தும்போது பணத்தையா சொல்கிறான்?

அப்புறம், கணக்கு என்று சொன்னவுடன் ஒரு நல்ல காரியம் நடக்கும்: எண்ணினார்களா என்ற கேள்வி தானாக எழும். பட்ஜெட் திருத்தம் என்று துண்டறிக்கை சொன்னது பெரும்பாலும், அரசு கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தைத்தான். மக்களவையில் மூன்று வகை. கொள்கையே தவறென்றால் கோரிய தொகையை ஒரு ரூபாயாக்கு என்பது. சிக்கனம் வேண்டுமென்றால் இவ்வளவு குறை என்பது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறை என்பது. (தோற்றுப்போனதையும் தீர்மானம் என்றே எழுதுகிறோம். தீர்மானிக்கப்படாதது எப்படித் தீர்மானம்? இலங்கையில் பிரேரணை என்பார்கள். வடசொல்லானாலும் தெளிவு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

இவற்றை எப்படி முடிவு செய்கிறார்கள்? "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." சத்தம் வரும். எந்தப் பக்கம் அதிகம் என்று பேரவைத் தலைவர் சொல்வார். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். யார் வாக்கையும் யாரும் எடுக்கவில்லை. பெயர் இல்லை, எண் இல்லை. மொய் நோட்டு இல்லாத கல்யாணம். யார் எவ்வளவு வைத்தார் என்று நாளைக்கு எப்படித் தெரியும்? 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் அமளிக்கு நடுவே மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. அன்றைக்கு எந்த உறுப்பினரிடம் போய் எந்த ஓட்டுக்குக் கணக்குக் கேட்பது?

யாராவது டிவிஷன் கேட்டால்தான், அதாவது வாக்குகளை எண்ணச் சொன்னால்தான், பெயர் பெயராகப் பதிவாகும். பதிவானால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 27 இருக்கிறது. மக்களவையில் வெட்டுத் தீர்மானத்துக்கு ஆதரவு 201, எதிர்ப்பு 289. எதிர்த்தவர்களில் ஒருவர் சிபு சோரன். அப்போது அவர் ஜார்க்கண்ட் முதல்வர். அவர் ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்தது பா.ஜ.க. அந்தக் கட்சி ஆதரித்த தீர்மானத்துக்கே எதிராக ஓட்டுப் போட்டுவிட்டார். மறுநாளே ஆதரவை விலக்கப்போவதாக அறிவித்தார்கள். நடுவில் பேச்சுவார்த்தைகள் நடந்தும் மே 30 அன்று அவர் பதவி விலகினார்.

கவனித்தீர்களா, கணக்குக் கேட்டது கட்சி. தொகுதி அல்ல. 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே கணக்கு ஒழுங்காகத்தான் காட்டப்படுகிறது, கொறடாவிடம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? தன்மை, உடைமை, பாடு என்று வால்களை ஒட்டிக்கொண்டே போகிறீர்கள். "கணக்குக் கேட்போம்" என்று வினையாக எழுதினால் குறைந்தா போகும்? பெயர்ச்சொல் இல்லாமல் தூக்கம் வராதென்றால், 'கணக்குக் காட்டும் கடமை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, துண்டறிக்கைக்கு வருகிறேன். "பட்ஜெட்டில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று கணக்குக் கேட்போம்" என்று திருத்தி அனுப்பினேன். கொஞ்சம் மிரட்டுவது போல இருக்கிறது என்று பதில் வந்தது. அச்சாகி வந்ததில் "பொறுப்புடைமைப்படுத்துவோம்" என்றிருந்தது. பெரியப்பாவிடம் காட்டவில்லை.