முதலில் ஷெட்டைக் கட்டுங்கள், அப்புறம் வீடு

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், காலை ஐந்தரை மணிக்கு, சென்னைக்குப் பக்கத்தில் மண்ணிவாக்கத்தில் நான் வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த சைட்டிலிருந்து போன் வந்தது. வீடு முடியும் வரை அந்தக் குடும்பம் மனையிலேயே தகர ஷெட் போட்டுக் குடியிருந்தது. வீட்டுக்கார அம்மாதான் பேசினார். "சார், ஷெட்டுக் கதவத் தொட்டா ஷாக் அடிக்குது, பிள்ளைங்க உள்ள தூங்குதுங்க." கணவர் ஒரகடத்தில் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க மழையும் காற்றும். நான் சொன்னது ஒன்றுதான்: "மரக் கட்டில விட்டு யாரும் கீழ எறங்காதீங்கம்மா, தகரத்துல கை படவே கூடாது." உடனே பக்கத்து வீட்டுக்காரருக்கு அடித்தேன். கட்டுமானத்துக்கு அவர் போர்வெல்லிலிருந்துதான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம், அதனால் நம்பர் கையில் இருந்தது. அவர் ரப்பர் செருப்போடு ஓடிப்போய், கேட் ஓரத் தூணில் இருந்த மெயினை இறக்கினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் வயரை அப்படியே நுழைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தகரம் காற்றில் ஆட, ஓட்டையின் விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்து, உள்ளே இருந்த செம்பு தகரத்தில் பட்டு, மொத்த ஷெட்டிலும் கரண்ட் ஏறிவிட்டது. அந்த ஓட்டையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போகிற சைட். பீமில் எத்தனை கம்பி, ரிங்குக்கு ரிங் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்த நான், அவர்கள் குடியிருந்த ஷெட்டை என் வேலையாகவே நினைக்கவில்லை. அன்றிலிருந்து நினைக்கிறேன். இதை எழுதுவதும் அதனால்தான்.

சென்னையைச் சுற்றி முடிச்சூர், படப்பை, ஆவடி, திருநின்றவூர் என்று எந்தப் பக்கம் போனாலும், சொந்த மனையில் தகர ஷெட் போட்டுக் குடியிருந்துகொண்டே வீடு கட்டும் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பேங்கில் வாங்கிய கடனுக்கு வீடு முடியும் முன்பே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அதோடு மாத வாடகையும் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பம் தாங்காது. சைட்டிலேயே இருந்தால் கம்பியும் சிமெண்டும் களவு போகாது, காலையும் மாலையும் சுவருக்கு நாமே தண்ணீர் அடிக்கலாம். எல்லாம் நியாயமான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் ஷெட்டுக்கு என்று ஒரு வரி இருப்பதில்லை. முப்பது, நாற்பது லட்சத்துக்கு எஸ்டிமேட் போடுகிற குடும்பம், எட்டு மாதம் தாங்கள் படுத்து எழுந்திருக்கப் போகிற இடத்தை மேஸ்திரியின் மிச்சத் தகரத்தில் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுகிறது.

என்னிடம் வீடு கட்டிய ஒருவரின் மகள் குடும்பம் அமெரிக்காவில் இதே மாதிரிதான் கட்டியது. ஆர்வி என்று அங்கே சொல்கிறார்கள், நம் ஊர் சினிமா ஷூட்டிங்கில் நிற்குமே கேரவன், அந்த மாதிரி வண்டி. அதை மனையில் நிறுத்தி, உறைபனிக் காலம் முழுக்க அதற்குள் இருந்தபடி பக்கத்தில் வீடு எழுப்பினார்கள். வீடியோ காலில் காட்டியபோது நான் கவனித்தது வண்டியை அல்ல, ஏற்பாட்டை. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அதன்மேல் சூடேற்றும் பட்டை சுற்றியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் குளிர்காற்று புகாமல் சுற்றிலும் பலகை அடைத்திருந்தார்கள். உள்ளே கேஸ் ஹீட்டர் என்பதால் நச்சுவாயு கசிந்தால் அலறும் அலாரம் வைத்திருந்தார்கள். குளிர் வரும் முன்பே இத்தனையும் தயார். நமக்குக் குளிர்காலம் என்றால் மழைதான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்தப் பருவத்துக்கு நம் ஷெட்டைத் தயார் செய்திருக்கிறோமா என்பதே என் கேள்வி. (பழைய கன்டெய்னர் வாங்கிப் போடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அதுவும் முழுக்க இரும்பு, கீழே நான் மின்சாரத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதற்கு இரண்டு மடங்கு பொருந்தும்.)

முதலில் இடமும் உயரமும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆட்களைப் படகில் ஏற்றினார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. மனை வாங்கியபோது புரோக்கர் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்றுதான் சொல்லியிருப்பார். எதிர் வீட்டு அம்மாவைக் கேளுங்கள், எந்தப் படி வரைக்கும் தண்ணீர் ஏறியது என்று கையை நீட்டிக் காட்டுவார். ஷெட்டின் தரை அதற்கு மேலே இருக்க வேண்டும். உடைகல்லும் கிராவலும் கொட்டி இடித்து, சாலிட் பிளாக் அடுக்கி, குறைந்தது இரண்டடியாவது உயர்த்தச் சொல்கிறேன். கூரைத் தகரத்தின் மேல் செங்கல்லும் மணல் மூட்டையும் வைத்துவிட்டு அதுதான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் அந்தத் தகரங்கள் பறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மண்ணில் கான்கிரீட் போட்டுப் புதைத்த குழாய்க் கால்கள், அவற்றோடு போல்ட் போட்டு முடுக்கிய கூரை, இதுதான் நிற்கும். இன்னொன்று, கூலி மிச்சம் என்று காம்பவுண்ட் சுவரையே ஷெட்டின் ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொள்ளாதீர்கள். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தபோது.

மின்சாரத்துக்கு வருகிறேன். லோடு மீறினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிற சின்னக் கசிவைக் கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி.தான். அதிலும் 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள், ஆள் உயிருக்கான அளவு அது. சைட்டில் முதல் கடப்பாரை விழும் முன்பே, கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட் போட்டுவிடுங்கள். எட்டடி ஆழத்துக்கு ஜி.ஐ. பைப் இறக்கி, ஷெட்டின் தகரத்தையும் கால்களையும் அதோடு இணைக்க வேண்டும். இந்தச் செலவு வீணே போகாது, எர்த் பிட்டும் ஆர்.சி.சி.பி.யும் அப்படியே வீட்டுக்குப் பயன்படும். வயர் தகரத்தைத் தாண்டும் இடத்தில் பி.வி.சி. பைப் துண்டு கட்டாயம். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது. பில்லர் குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்க மோட்டார் போடும்போதும் விபத்துகள் நடக்கின்றன, மோட்டார் ஓடும்போது ஒருவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. துணி காய வைக்க ஷெட்டிலிருந்து கரண்ட் கம்பத்துக்குக் கம்பி கட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே இப்போதெல்லாம் நானே அவிழ்த்துவிடுகிறேன். நைலான் கயிறு போதும். தண்ணீர் புகுந்துவிட்டால் மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொட மட்டும் போகாதீர்கள்.

கரண்ட் போனால் அடுத்த ஆபத்து வரும். மிக்ஜாம் சமயத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, ஆளுக்கொரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். மழையில் நனையக் கூடாது என்று அதை ஷெட்டு வாசலிலேயே, தார்ப்பாய்க்கு அடியில் வைத்து ஓட்டுவதைப் பார்த்தேன். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் கெட்டியாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, தூக்கத்திலேயே போய்விடுவார். குளிருக்காக ஷெட்டுக்குள் கரி அடுப்பு மூட்டி, சாரல் அடிக்கிறதென்று இடுக்கெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டுப் படுப்பதும் இதே ஆபத்துதான். ஜெனரேட்டர் குறைந்தது இருபது அடி தள்ளி இருக்கட்டும், புகை ஷெட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. கூரைக்கு அடியில் எதிரெதிரே இரண்டு இடங்களில் ஒரு சாண் இடைவெளி விட்டு வலை அடியுங்கள், சாரல் வந்தாலும் பரவாயில்லை.

சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஷெட்டில் பிள்ளைகள் இருக்கும் சைட்டில், தோண்டிய குழி எதுவாக இருந்தாலும் அன்று சாயங்காலமே சுற்றித் தகர வேலி போட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. மழைத் தண்ணீர் நிறைந்த குழி தரையோடு தரையாகத் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. சம்ப்புக்கோ செப்டிக் டேங்குக்கோ மேல்மூடி கான்கிரீட் போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து கான்கிரீட் இறுகும் வரை தாங்கிய சென்ட்ரிங் பலகையை உள்ளிருந்து பிரிக்க ஆள் இறங்குவார். புது டேங்க், கழிவே விடவில்லை, என்ன ஆகப்போகிறது என்று நினைப்பார்கள். உள்ளே மழைத் தண்ணீரில் ஊறிய மரம் அழுகி, இருந்த ஆக்சிஜனையெல்லாம் தின்று, விஷ வாயுவையும் விட்டிருக்கும். இறங்கியவர் சத்தமில்லாமல் விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். தமிழ்நாட்டில் இப்படி இரண்டு பேர், மூன்று பேராகச் செத்த செய்தி வராத வருஷம் கிடையாது. சில சமயம் அந்த இரண்டாவது ஆள் வீட்டுக்காரராகவே இருக்கிறார், ஏனென்றால் அவர் பக்கத்து ஷெட்டில்தான் இருக்கிறார், சத்தம் கேட்டதும் ஓடி வருகிறார். மூடிகளை எல்லாம் முந்தின நாளே திறந்து வைத்து, தண்ணீரை முழுக்க இறைத்து, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே அடித்த பிறகே இறங்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். கயிற்றால் இழுங்கள், காற்றை அடித்துக்கொண்டே இருங்கள், 101ஐயும் 108ஐயும் கூப்பிடுங்கள்.

பாம்புக்குச் செங்கல் அடுக்கும் ஜல்லிக் குவியலும் வீடு மாதிரி. அவற்றை ஷெட்டை ஒட்டிப் போடாதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில், தூங்குகிறவரைக் கடிக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடித்த இடத்தைக் கட்டாமல், கீறாமல், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ சென்ட்ரல் ஜி.எச்.சுக்கோ, எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். கான்கிரீட் பலம் ஏறத் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது முழுக்க வடித்து மாற்றுங்கள், டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள்தான் எடுக்கும்.

இத்தனை ஆபத்துக்கும் நடுவே நான் அடிக்கடி பார்க்கும் சேதம் வேறு. ஷெட்டில் அவதிப்படுகிறவர் வீட்டை அவசரப்படுத்துகிறார். ஒழுகும் கூரைக்கு அடியில் கைக்குழந்தையோடு மூன்று வாரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "இன்னும் பத்து நாள் பொறுங்க" என்று சொன்னால் காதில் ஏறாது. "கான்கிரீட் போட்டாச்சுல்ல சார், சென்ட்ரிங்கப் பிரிச்சுட்டா கீழ வந்து படுத்துக்குவோம்" என்பார். ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் விதி சொல்கிறபடி, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்குக் கீழே முட்டுக்கால் 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள், 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதையும் தாண்டினால் 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்கு. இப்போது நாம் அதிகமாகப் போடும் பி.பி.சி., அதாவது ஃபிளை ஆஷ் கலந்த சிமெண்ட், மெதுவாகத்தான் பலம் ஏறும், அதனால் இன்னும் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். முட்டுக்கால் நிற்கும்போது கீழே போய்ப் படுப்பதும் தவறு. மேலே ஏற்றிய சுமையில் ஒரு கால் சறுக்கினாலும் தப்ப வழியில்லை.

இதோடு நம் பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்ளும். மார்கழியில் புதுமனை புகுவதில்லை, அதனால் கார்த்திகைக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். சென்னையில் கார்த்திகை என்றால் மழை உச்சத்தில் இருக்கும் மாதம். பூச்சு வேலை ஈரம் காயாமலே அதன்மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, குடியும் போய்விடுவார்கள். அடுத்த சித்திரையில் போன் வரும், சுவரெல்லாம் உப்பு பூத்து உரிகிறது என்று. அதைச் சுரண்டி மறுபடி அடிக்கிற செலவில் நல்ல ஷெட்டே போட்டிருக்கலாம். ஷெட்டில் நிம்மதியாகத் தூங்குகிற குடும்பம் தை வரைக்கும் காத்திருக்கும், இதை நான் பல சைட்டில் பார்த்துவிட்டேன்.

முடிந்தால் பொங்கல் கழிந்து பூமி பூஜை போடுங்கள், வேலை தடைபடாமல் நடந்தால் ஆவணிக்குள் தளம் ஏறிவிடும், மழைக்காலத்தில் உள்வேலை பார்க்கலாம். ஊரப்பாக்கத்தில் ஒரு குடும்பம் வருகிற தையில் அப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறது. பிளானிலேயே ஷெட்டையும் வரைந்துவிட்டேன். சம்ப் ஈசானிய மூலையில் வருவதால் ஷெட் அதற்கு நேர் எதிர் மூலையில், எர்த் பிட்டும் கக்கூஸும் முதல் வாரத்திலேயே. வரைபடத்தைப் பார்த்த அந்த வீட்டுப் பாட்டி, "ரெண்டடி ஒசரமா தம்பி, எனக்கு முட்டி வலிக்குமே" என்றார். மூன்று படியும் ஒரு கைப்பிடியும் சேர்த்து எஸ்டிமேட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கைப்பிடி மரத்தில்தான்.