முழங்கை வலிக்கு எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. வேண்டாம்

இந்த மாதமும் ஒருவர் ஸ்கேன் உறையோடு வந்தார். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஓர் உணவகத்தில் பரோட்டா போடுகிறவர். வலது முழங்கையின் வெளிப்பக்கம் சில மாதங்களாக வலி. ஊரிலிருந்து மைத்துனர், ‘எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க மச்சான்’ என்று போனில் சொல்லியிருக்கிறார். இவரும் ஒரு கிளினிக்கில் வற்புறுத்திச் சீட்டு எழுதி வாங்கி, கூடத் தங்கியிருப்பவர்களிடம் கடன் வாங்கி, தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார். அறிக்கையில் ‘தசைநாணில் பகுதிக் கிழிசல்’ என்று இருந்தது. தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண். அதைப் படித்த நாளிலிருந்து கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வேலைக்கும் போகவில்லை. ‘சார், கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்க, ஆபரேஷனா?’ என்று கேட்டபோது குரலே எழும்பவில்லை.

ஆபரேஷன் தேவையில்லை. அந்த ஸ்கேனும் அப்போது தேவைப்படவில்லை. பிசியோதெரபிஸ்டாக இங்கே வேலை பார்க்கும் எனக்கு, உறையும் பயமுமாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வரும் வலியை டென்னிஸ் எல்போ என்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. துறைமுகத்தில் கொள்கலன்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிறவர்கள், நாள் முழுக்க வாணலியைத் தூக்கிக் குலுக்குகிறவர்கள், துணியையும் மாப்பையும் முறுக்கிப் பிழிகிறவர்கள், மவுஸை விடாமல் பிடித்திருப்பவர்கள், வாரக் கடைசியில் மட்டும் பேட்மிண்டனில் வெறியாக இறங்குகிறவர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் முறுக்கு பிழிந்த கைகளோடு அக்காமார்கள் வருவார்கள். பெரும்பாலும் 35-இலிருந்து 55 வயதுக்குள். மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகள் அந்த எலும்பு முனையில் வந்து ஒட்டும் இடத்தில் தசைநாண் நைந்துபோயிருக்கும். நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைகள்தான் மணிக்கட்டை நிலையாக வைத்திருக்கின்றன. டீ டம்ளரைத் தூக்கினால்கூட சுரீரென்று வலிப்பது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க முஷ்டி பிடிக்கச் சொல்வேன். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, நான் கீழே அழுத்துவேன். வெளிப்பக்க எலும்பு முனைக்குச் சற்று முன்னால் என் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். நடுவிரலை மட்டும் நீட்டச் சொல்லி அதையும் அழுத்திப் பார்ப்பேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே வலி என்றால் அநேகமாக முடிவாகிவிட்டது. கழுத்திலிருந்து நரம்பு வழியாக இறங்கும் வலியா என்று கழுத்தையும் திருப்பிப் பார்த்துவிடுவேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். இவ்வளவையும் பார்த்த பிறகும் ‘கையாலேயே அமுக்கிப் பாத்தா எப்படித் தெரியும்?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். ‘ஸ்கேன் எடுத்தால் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும், தெரிந்தால் சரியாக வைத்தியம் பார்க்கலாம்’ என்று நினைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. வலியைப் படம் பிடிப்பதில்லை. தசை, தசைநாண், எலும்பு எல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று மட்டும் காட்டுகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களை, கையில் ஒரு வலியும் இல்லாதவர்களையே, அந்த மெஷினுக்குள் அனுப்பிப் பாருங்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கும் அந்தத் தசைநாணில் மாற்றம் தெரியும். ஒரு கையில் வலி உள்ளவரின் மறு கையிலும் தெரியலாம். வலி முழுசாகப் போய் மறுபடியும் வாணலி தூக்க ஆரம்பித்தவருக்குத் திரும்ப ஸ்கேன் எடுத்தால், பழைய மாற்றம் பல நேரம் அப்படியேதான் இருக்கும். படத்தில் தெரியும் அளவும் வலியின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

இன்னும் ஒன்று. டென்னிஸ் எல்போவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அறிக்கையில் ‘டெண்டினோசிஸ்’ (தசைநாண் நைந்துபோவது) அல்லது ‘பகுதிக் கிழிசல்’ என்று வருவது எதிர்பார்த்ததுதான். ரேடியாலஜிஸ்ட் கண்ணில் பட்டதை எழுதுவார், அது அவர் வேலை. வீட்டில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கோ, கை இரண்டாகப் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. நைந்த நார்களில் சிறு பிளவு இருப்பது இந்த வலியில் சகஜம், அதில் பெரும்பாலானவற்றைத் தைக்க வேண்டியதில்லை. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் சிகிச்சை ஒன்றேதான்: அளவாகப் பாரம் கொடுத்துத் தசைநாணைப் பலப்படுத்துவது. அறிக்கை வந்து சிகிச்சையில் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அதை எதற்கு எடுக்க வேண்டும்? அந்தப் பரோட்டா மாஸ்டரின் விஷயத்தில் அது மாற்றிய ஒன்று, அவர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டதுதான். அதனால் தசை இளைத்து, பிடி பலமும் குறைந்து, மூன்று மாத வலி இன்னும் நீள்கிறது.

‘காசு கம்பெனி இன்சூரன்ஸ்தானே கட்டுது’ என்கிறவர்களிடமும் நான் இதையேதான் சொல்கிறேன். யார் பணம் என்றாலும் பயம் உங்களுக்குத்தான்.

ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு வலி பறந்துவிடும், அதுதான் அதன் ஆபத்து. 2013-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் அது 12 சதவீதம்தான். கல்யாணம், தேர்வு என்று சில வாரம் தாக்குப்பிடித்தாக வேண்டும் என்றால் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது ஊசி என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். துணியைப் பிழியாமல் தொங்கவிடுங்கள். ஒரு கிலோ அரிசிப் பையையோ தண்ணீர் பாட்டிலையோ பிடித்துக்கொண்டு, முன்கையை உள்ளங்கை கீழே பார்க்க மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கி அரை நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். பிறகு மெதுவாக இறக்குங்கள். லேசான வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். இதை எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு ‘ஒன்னும் கேக்கல’ என்று வராதீர்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதை, அதுவும் வலிக்கிற முனையிலேயே உருவிவிடுவதை, தயவுசெய்து நிறுத்துங்கள். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் இது தணிந்துவிடும். ஒரு வருடமா என்று மலைக்க வேண்டாம், முறையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

இதைப் படித்துவிட்டு எம்.ஆர்.ஐ.யே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசியமானவர்கள் தள்ளிப்போடுவதையும் பார்க்கிறேன், அது இதைவிட மோசம். கனமான எதையோ தூக்கும்போது முழங்கை மடிப்பில் ‘டப்’பென்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, கன்றிப்போய், உள்ளங்கையை மேலே திருப்பப் பலமில்லை என்றால், மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். அதைச் சில நாட்களுக்குள் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் தசை சுருங்கி, திரும்ப இணைப்பது கஷ்டமாகிவிடும். முழங்கை பாதியில் சிக்கி நிற்பது, பந்து எறிகிற அல்லது ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிற பிள்ளைகளுக்குத் தொடரும் வலி, கட்டி, இரவில் தூங்கவிடாத வலி, ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாத வலி: இவற்றுக்கெல்லாம் மருத்துவர் எம்.ஆர்.ஐ. கேட்டால் மறுக்காதீர்கள். விழுந்த பிறகு கையை நீட்ட முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் நரம்புப் பரிசோதனை. மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், என்னிடம் வர வேண்டாம்.

‘ரேடியேஷன் பயமா இருக்கு’ என்று தவிர்க்கிறவர்களுக்கு: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அங்கே இருப்பது காந்தமும் ரேடியோ அலையும். கவனிக்க வேண்டியது அந்தக் காந்தத்தைத்தான். பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் கிளிப், காதில் பொருத்திய கருவி, கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் எதுவாக இருந்தாலும் முன்பதிவின்போதே சொல்லுங்கள். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்க்கும் தம்பிமார்களே, எப்போதோ கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால், அது சின்ன விஷயம், ஆறிவிட்டது என்று மறைக்காதீர்கள். உள்ளே துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வைக்கே ஆபத்தாகும். சந்தேகம் இருந்தால் முதலில் கண் பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தாலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண் கொடி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். தாயத்துக்குள் இருக்கும் தகடு உலோகம் என்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை. தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாக்களிடம் நான் சொல்வது, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள், அதில் உலோகம் கோக்காதீர்கள் என்பதுதான்.

இன்னொன்று, சில மெஷின்களில் முழங்கைக்குக் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டியபடி அரை மணி நேரம் போல அசையாமல் இருக்க வேண்டியிருக்கும். தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு, சர்க்கரை நோயாளிகளில் இது நிறைய, அது முடியவே முடியாது. அசைந்தால் படம் கலங்கிப் பணமும் வீண். முன்பே சொன்னால் வேறு மாதிரி படுக்க வைக்க வழி பார்ப்பார்கள்.

பணம் பற்றி: தனியாரில் ஒரு மூட்டுக்குப் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். குடிமக்கள் முதலில் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்), அரசின் மானியத் திட்டத்தில் உள்ள சாஸ் கிளினிக்குக்கோ போங்கள். அங்கிருந்து பரிந்துரைத்தால்தான் மருத்துவமனை நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். கட்டாய மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தும் ஸ்கேனுக்கு ஆண்டு வரம்புக்குள் எடுக்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. கட்டாய இன்சூரன்ஸ் 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 60,000 வெள்ளி என்றாலும், அது வார்டில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கும் ஒருநாள் ஆபரேஷனுக்கும்தான். அதனால் வெளிநோயாளி ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் முன் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வலி வேலையால் வந்தது என்றால் அதை முதல் தடவையே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘எப்படியோ வந்துச்சு’ என்று சொல்லிவிட்டு, பிறகு இழப்பீடு கேட்டு மனிதவள அமைச்சில் நிற்கும்போது அந்தப் பதிவு உங்களுக்கே எதிராக இருக்கும்.

மருத்துவரைப் பார்க்கும்போது ‘எனக்கு ஸ்கேன் வேணும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த அசைவில் வலிக்கிறது, எப்போதிலிருந்து, வேலையில் அந்தக் கை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். ஸ்கேன் எழுதினால், ‘இதில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?’ என்று தைரியமாகக் கேளுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறீர்களா? சரி, அறிக்கையை கூகுளில் தேடாமல் சிடியோடு எடுத்து வாருங்கள், உங்கள் கையையும் பார்த்துவிட்டுச் சேர்த்துப் படிப்போம்.