ஆரம்ப வகுப்புக்கு வரும் தர உள்ளீட்டுப் பணம்: பெற்றோர் எங்கே கேட்கலாம்?

யாழ்ப்பாண நகரத்தில் பெயர் பெற்ற பாடசாலைகளில் தரம் 1 வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. தீவகத்தின் சிறிய பாடசாலைகளில் இரண்டு தரங்களை ஒரே ரீச்சர் சேர்த்துப் படிப்பிக்க வேண்டி வருகிறது. இரண்டு இடத்திலும் சிக்கல் ஒன்றுதான். ரீச்சர் ஒரு சில பிள்ளைகளோடு இருக்கும்போது மற்றவர்களின் கையில் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அதற்கான பொருட்களை வாங்க அரசாங்கம் காசு கொடுக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

அதுதான் தர உள்ளீட்டு நிதி. இங்கே ‘தரம்’ என்பது வகுப்பைக் குறிக்கவில்லை, கல்வியின் தரத்தைக் குறிக்கிறது. 2000 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள், எந்தத் தரத்தில் படிக்கிறார்கள் என்று பார்த்துத் தொகையைக் கணக்கிடுவார்கள். தலைக்கணக்கில் மட்டும் பிரித்தால் சிறிய பாடசாலைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கே பிள்ளை ஒருவருக்கான தொகை கூடுதலாக இருக்கும். கற்றல் உபகரணங்கள், பாவித்துத் தீர்ந்துபோகும் கடதாசி, நிறப் பென்சில் போன்றவை, உள்ளவற்றைத் திருத்துவது ஆகியவற்றுக்கு இதைச் செலவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டின் வழியாகவே கற்க வேண்டும் என்றது. தரம் 3, 4 இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சமமாக இருக்க வேண்டும். தரம் 5 இல்தான் எழுத்து வேலை கூட வேண்டும். அப்படியென்றால் பொருட்கள் அதிகம் தேவைப்படுவது சின்ன வகுப்புகளுக்கே. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் அடிக்கவே கடதாசியும் மையும் முடிந்துபோனால், தரம் 1 பிள்ளையின் பங்கைத் தரம் 5 எடுத்துக்கொள்கிறது என்றுதான் அர்த்தம்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை எட்டுப் பேராக ஐந்து குழுக்களாக்கலாம். ஒரு குழு ரீச்சரோடு வாசிக்கும். மற்றக் குழுக்கள் சொல்லட்டை பொருத்தும், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டும், படத்துக்கு நிறம் தீட்டும். ஆனால் வகுப்புக்கே ஒரு பெட்டிதான் என்றால் எட்டுப் பேர் வேலை செய்ய, மிச்சப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் கூடும். ரீச்சர் வேறு வழியில்லாமல் கரும்பலகைக்கே திரும்பிவிடுவார். அதனால் ‘பொருள் இருக்கிறதா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘குழுவுக்கு ஒன்று இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? பிள்ளை படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் உறுப்பினர்கள். அதிபர்தான் தலைவர். பொதுக்கூட்டத்துக்குப் போய், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஆரம்பப் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். அதற்கு முன் வகுப்பு ரீச்சரிடம் தேவைப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருள் உதவும், எது அலுமாரிக்குள் கிடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். புதிய பொருளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டித்தர ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகரை வலயக் கல்விப் பணிமனை மூலம் அழைக்கும்படியும் அதிபரிடம் கேட்கலாம்.

பாடசாலையில் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். கடிதத்தில் பாடசாலையின் பெயர், எந்த ஆண்டு, தர உள்ளீடாக வந்த தொகை, அதில் தரம் 1 தொடக்கம் 5 வரை வாங்கிய பொருட்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள்.