சஃப்ரேஜ் என்றால் என்ன? வாக்குரிமையும் ஒரேகனின் அபிகெய்ல் டனிவேயும்

சஃப்ரேஜ் என்ற ஆங்கிலச் சொல்லை 'சஃபர்', அதாவது துன்பப்படுதல் என்பதோடு முடிச்சுப் போட்டுப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பெண்கள் அதற்காகப் பட்ட பாட்டை நினைத்தால் பொருத்தம் போலத் தெரியும், ஆனால் இரண்டு சொற்களுக்கும் உறவே கிடையாது. லத்தீனில் 'சுஃப்ராகியம்' என்றால் ஒருவருக்கு ஆதரவாகப் போடும் வாக்கு, அப்படி வாக்களிக்கும் உரிமை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் மொழியறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 'உடைத்தல்' என்ற வினையிலிருந்து வந்தது, உடைந்த பானைச் சில்லில் எழுதி வாக்களித்ததால் அந்தப் பெயர் என்பது ஒரு கட்சி. கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. பானை ஓடு, ஓட்டு என்று நம் மனம் உடனே தாவும், தாவ வேண்டாம். நம் 'ஓட்டு' ஆங்கில 'வோட்' தமிழ் நாக்கில் ஏறி வந்தது, அவ்வளவுதான்.

இடைக்கால ஆங்கிலத்தில் இதே சொல்லுக்குப் பிறருக்காகச் செய்யும் மன்றாட்டு ஜெபம் என்ற பொருள் இருந்தது. 1787-ல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில், எந்த மாநிலத்திடமிருந்தும் அதன் சம்மதம் இல்லாமல் செனட்டில் அதற்குள்ள சம 'சஃப்ரேஜை'ப் பறிக்கக் கூடாது என்று வருகிறது. மாநிலங்களுக்குச் சம வாக்கு என்பதை அவ்வளவு கண்டிப்பாக எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் யார் யாருக்கு வாக்கு என்பதை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி விட்டுவிட்டதுதான் அடுத்த நூற்றுச் சொச்ச வருடப் போராட்டத்துக்கே காரணம். அமெரிக்காவில் பெண் வாக்குரிமை தலைநகர் வாஷிங்டனில் ஒரே நாளில் தீர்ந்த விஷயம் இல்லை, மாநிலம் மாநிலமாக, வாக்கெடுப்பு வாக்கெடுப்பாகப் பிடித்து வந்த விஷயம். அந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்ணுக்கு வாக்கு வேண்டுமா என்பதைப் பெண்ணைத் தவிர மற்றவர்கள் கூடித் தீர்மானித்தார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வாக்குரிமை' என்பதே சரியான சொல், ஏற்கெனவே வழக்கிலும் இருக்கிறது. 'வாக்கு' வடமொழி வழி வந்தது என்பதால் 'குடவோலை உரிமை' என்பது போல ஏதாவது புதிதாகச் செய்யலாமே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறை. அங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. போட்டியில் பெயர் வரவே சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி என்று தகுதிகள் இருந்தன. அதை சஃப்ரேஜுக்கு ஈடாக வைத்தால் பொருள் தப்பிவிடும். 'வாக்கு' என்பதற்குப் பேச்சு, சொல், கொடுத்த உறுதி என்றெல்லாம் பொருள் உண்டே, அதுவே அதன் பலம். தன் பேச்சு சபையில் ஏறும் உரிமை என்று அது விரியும். இது ஏன் முக்கியம் என்பதை, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் பெண் வாக்குரிமைக்காகப் போராடிய அபிகெய்ல் ஸ்காட் டனிவேயின் வாழ்க்கையைச் சொன்னால்தான் விளக்க முடியும்.

டனிவே 1834-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம்கூட முழுதாக உட்கார்ந்ததில்லை. 1852-ல் குடும்பம் மாட்டு வண்டிகளில் மேற்கே ஒரேகனுக்குப் புறப்பட்டது. பயணக் குறிப்பு எழுதும் வேலை 17 வயதான இவருக்கு. வழியில் லாரமிக் கோட்டைக்கு அருகே தாய் காலராவில் இறந்தார், அப்புறம் சின்னத் தம்பியும் போனான். ஒரேகன் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1853-ல் பெஞ்சமின் டனிவேயைக் கல்யாணம் செய்துகொண்டார். பண்ணை வாழ்க்கை, ஆறு பிள்ளைகள்.

கணவர் நல்ல மனிதர், ஆனால் நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார். நண்பரால் கடனைக் கட்ட முடியவில்லை, பண்ணை போய்விட்டது. கையெழுத்துப் போடும்போது மனைவியின் பேச்சுக்கு இடமே இல்லை, சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு ஆளே கிடையாது. கடன் விழுந்த பிறகு மட்டும் அதன் சுமை அவர் தலையிலும் விழுந்தது. அதற்குப் பின் விபத்து ஒன்றில் கணவருக்கு உடம்பு முடியாமல் போக, வீட்டை ஓட்டும் பொறுப்பு இவருடையதாயிற்று. பள்ளிக்கூடம் நடத்தினார், பிறகு ஆல்பனி ஊரில் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்தார்.

அந்தக் கடைதான் அவருக்குப் பாடசாலை என்று சொல்வேன். வெண்ணெய் விற்றுச் சேர்த்த காசில் மகள்களுக்கு மழையில் நனையாத உடுப்பு வாங்க நினைத்த ஒரு தாய், அந்தக் காசை எடுத்துக்கொண்டுபோய்க் கணவன் பந்தயக் குதிரை வாங்கிவிட்ட கதையைக் கடையில் வந்து சொன்னாள். சட்டப்படி அந்தக் காசு கணவனுடையது, எனவே அவன் திருடவே இல்லை! இதுபோன்ற ஒன்றை வீட்டில் பொருமிக்கொண்டு சொன்னபோது, பெண்களுக்கு வாக்கு வரும்வரை இது மாறாது என்று சொன்னவர் கணவர் பெஞ்சமின்தான். தன் சுயசரிதையில் டனிவே இதைச் சொல்கிறார். வாக்குரிமை என்றால் தேர்தல் நாளன்று பெட்டியில் ஒரு சீட்டைப் போடுவது மட்டும்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் இந்த வெண்ணெய்க் காசை நினைத்துப் பார்க்க வேண்டும். சொத்துச் சட்டத்தை எழுதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவள் பேச்சு ஏறவில்லை, அதனால்தான் காசும் அவளுடையதாக இல்லை.

1871-ல் போர்ட்லாண்டுக்குக் குடிபெயர்ந்து 'தி நியூ நார்த்வெஸ்ட்' என்ற வார இதழைத் தொடங்கினார். பிள்ளைகள் அச்சு வேலை பார்த்தார்கள், இவர் தலையங்கமும் தொடர்கதையும் எழுதினார். 1887 வரை நடந்தது. அந்த முதல் வருடமே, பெண் வாக்குரிமை இயக்கத்தின் தேசியத் தலைவர்களில் ஒருவரான சூசன் பி. ஆந்தனியை அழைத்து வந்து ஒரேகனிலும் பக்கத்து வாஷிங்டன் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் பேச வைத்தார். 1872 நவம்பரில் மேரி பீட்டி என்ற கறுப்பினப் பெண் உட்பட மூன்று பேருடன் போர்ட்லாண்டில் வாக்களிக்கப் போனார். சீட்டுகளை வாங்கிய அதிகாரி பெட்டிக்குள் போடாமல் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார், அதனால் எண்ணப்படவில்லை. 1878-ல் மணமான பெண்களின் சொத்துரிமையைக் காக்கும் சட்டம் ஒரேகனில் வந்ததிலும் அவருடைய விடாத வற்புறுத்தலுக்குப் பங்கு உண்டு.

ஒரேகனில் பெண் வாக்குரிமைக்கான மாநில அளவிலான வாக்கெடுப்புகள் 1884, 1900, 1906, 1908, 1910, 1912 என்று ஆறு முறை நடந்தன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை முறை இந்தக் கேள்வி வாக்குக்குப் போனதில்லை. முதல் முறை படுதோல்வி. 1900-ல் சுமார் 2,000 வாக்கில் நழுவியது. 1910-ல் வரி கட்டும் பெண்களுக்கு மட்டுமாவது கொடுங்கள் என்று சுருக்கிக் கேட்டார்கள், அதுவும் தோற்றது. மாநிலத்தின் பெரிய நாளிதழான 'ஒரேகோனியன்' எதிர்த்து எழுதியது. அதன் ஆசிரியர் ஹார்வி ஸ்காட், டனிவேயின் சொந்தத் தம்பி.

எப்படிப் போராடுவது என்பதிலும் டனிவேக்குத் தனி வழி. பெரிய கூட்டம், ஊர்வலம் வைத்தால் எதிரிகள் உஷாராகிவிடுவார்கள், செல்வாக்குள்ள ஆண்களைத் தனித்தனியே சந்தித்துச் சத்தமில்லாமல் மனம் திருப்ப வேண்டும் என்பார். மதுவிலக்கையும் பெண் வாக்குரிமையையும் ஒன்றாகக் கட்டக் கூடாது, கட்டினால் சாராய வியாபாரிகள் பணத்தை இறைத்து இரண்டையும் தோற்கடிப்பார்கள் என்பதும் அவர் வாதம். தேசியத் தலைவர்களோடு இதனாலேயே மனக்கசப்பு. சாராய வியாபாரிகளைப் பற்றி அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் சத்தமில்லாத வழி மட்டும் போதவில்லை. 1912-ல் டனிவே நோயில் படுத்திருந்தார். மருத்துவர் எஸ்தர் போல் லவ்ஜாய், கறுப்பினப் பெண்களின் வாக்குரிமைச் சங்கத்தை நடத்திய ஹாட்டி ரெட்மண்ட் போன்றவர்கள் பல சங்கங்களாகப் பிரிந்து வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார்கள், அதற்கு முன்பே பக்கத்து மாநிலங்களான வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் பெண்களுக்கு வாக்கு கொடுத்துவிட்டிருந்தன. சுமார் 4,000 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் கேட்டுக்கொண்டபடி வாக்குரிமைப் பிரகடனத்தை டனிவேயே எழுதி, அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டார். போர்ட்லாண்டு உள்ள மல்ட்நோமா கவுண்டியில் வாக்காளராகப் பதிவு செய்த முதல் பெண்ணும் அவரே. 1915-ல் இறந்தார். பெண் வாக்குரிமையை நாடு முழுவதற்குமாக்கிய அரசியல் சட்டத்தின் 19-ஆவது திருத்தம் 1920-ல்தான் வந்தது.

இவரை என்ன சொல்லி அழைப்பது? பலர் 'சஃப்ரஜெட்' என்று எழுதுகிறார்கள், அது தவறு. 1906-ல் லண்டன் 'டெய்லி மெயில்' நாளிதழ் பிரிட்டனின் தீவிரப் பெண்களைக் கேலி செய்ய 'எட்' என்ற, சிறுமைப்படுத்தும் விகுதியை ஒட்டிச் செய்த சொல் அது. அந்தப் பெண்களின் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட்டின் அணியினர் கேலியையே பட்டமாக எடுத்துக்கொண்டு, தங்கள் பத்திரிகைக்கும் அதே பெயர் வைத்தார்கள். அமெரிக்கர்கள் தங்களை 'சஃப்ரஜிஸ்ட்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், அது ஆண் ஆதரவாளருக்கும் பொருந்தும். 'வாக்குரிமையாளர்' என்று தமிழாக்கினால் வாக்கு ஏற்கெனவே கையில் உள்ளவர் என்று ஆகிவிடும். 'பெண் வாக்குரிமைப் போராளி' அல்லது 'பெண் வாக்குரிமை இயக்கத் தலைவர்' என்று எழுதலாம். டனிவேயின் சங்கம் பெயரிலேயே சம வாக்குரிமை என்று வைத்திருந்தது, அதைச் 'சமவாக்குரிமைச் சங்கம்' என்று தயங்காமல் சொல்லலாம்.

'சர்வசன வாக்குரிமை' என்பது மட்டும் வேறு. இலங்கையில் 1931-ல் 21 வயதான ஆண் பெண் இருபாலருக்கும் வாக்கு வந்ததைத் தமிழர்கள் அந்தப் பெயரில் சொல்கிறோம். 1912-ன் ஒரேகனுக்கு அதைப் போட முடியாது. பழங்குடிப் பெண்களில் பலருக்கு 1924 வரை குடியுரிமையே இல்லை. சீனாவிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் 1943 வரையிலும், ஜப்பானிலிருந்து வந்தவர்கள் 1952 வரையிலும் குடியுரிமை பெற வழியில்லாததால் வாக்களிக்க முடியாமலே இருந்தார்கள்.