காணாமற்போன மூதாட்டியும் கைப்பேசித் துப்பறிவாளர்களும்

முதியோர் மனநல மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, மூதாட்டி ஒருவரைக் காணவில்லை என்ற செய்தி கைப்பேசிக்கு வந்தால், அதன் கீழே என்ன எழுதியிருப்பார்கள் என்பது படிக்காமலேயே தெரியும்: மருமகள் விரட்டியிருப்பாள், சொத்துக்காக மகன் ஏதோ செய்துவிட்டான், யாரோ கடத்திவிட்டார்கள். அண்மையில் என்னிடம் சிகிச்சை பெறும் ஒருவரின் மகள், தாயைத் தேடி அலைய வேண்டிய நேரத்தில், தாம் தாயை ஒன்றும் செய்யவில்லை என்று அக்கம்பக்கத்தாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"நேற்றுக்கூட நன்றாகத்தானே பேசினார்?" என்பதுதான் இந்த ஊகங்களின் ஆணிவேர். நலம் விசாரிப்பதும் சிரித்து வரவேற்பதும் வாழ்நாள் முழுவதும் பழகிய செயல்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயில் புதிய நினைவுகள் தங்காமற்போன பிறகும் அவை நெடுநாள் நிலைத்திருக்கும். வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசுபவர் இன்று என்ன கிழமை என்று கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம், விடை தெரியாதவர் எவ்வளவு அழகாகச் சிரித்து மழுப்புகிறார் என்பதையும் பார்க்கிறோம். கண்காணிப்புக் கேமராவில் அவர் நிதானமாக நடப்பதைக் கண்டு, "தெளிவாகத்தான் போகிறார்" என்று தீர்ப்பளிப்பவர்களும் உண்டு. அவரைப் பொறுத்தவரை அவர் தெளிவாகத்தான் போகிறார், பள்ளி விட்டு வரும் பிள்ளையை அழைத்துவர. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது என்பதுதான் அவருக்கு நினைவில்லை. மறதிநோய் இல்லாத முதியவரும் சிறுநீர்த் தொற்றாலோ, இரத்தத்தில் சோடியம் குறைவதாலோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையாலோ ஓரிரு நாளிலேயே கடும் மனக்குழப்பத்துக்கு ஆளாகலாம். மறதிநோயாளிகள் பத்துப் பேரில் ஆறு பேர் ஒருமுறையேனும் இவ்வாறு வழிதவறிச் செல்வார்கள் என்கிறது அமெரிக்க அல்சைமர் சங்கம்.

இத்தகையோர் பெரும்பாலும் கடைசியாகக் காணப்பட்ட இடத்துக்கு அருகிலேயே, புதரிலோ பள்ளத்திலோ மேற்கொண்டு நகர முடியாமல் சிக்கியிருப்பார்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் பலர் பதில் குரல் கொடுப்பதில்லை. கடத்தல் என்று வதந்தி பரவினால் தேடுவோர் நெடுஞ்சாலைக்கு ஓடுகிறார்கள், தோட்டத்தின் பின்புறத்தை எவரும் பார்ப்பதில்லை.

முதியோரைக் கொடுமைப்படுத்தும் குடும்பங்களே இல்லை என்று நான் வாதிடவில்லை. அவர்களையும் என் அறையில் பார்த்திருக்கிறேன். ஐயப்படுவது காவல்துறையின் வேலை. நேரில் கண்டது ஏதேனும் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். இல்லையேல் வாயை மூடிக்கொண்டு ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு தேட வாருங்கள்.

குடும்பத்தினருக்கு: இருபத்து நான்கு மணிநேரம் காத்திருந்தபின்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பது கட்டுக்கதை, அந்த நேரத்துக்குள் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலும் உயிரே அடங்கியிருக்கிறது. மாடி, குளியலறை, நிறுத்திய கார் ஆகியவற்றை ஒருவர் பார்க்கும்போதே மற்றொருவர் காவல்நிலையத்தை அழைக்கட்டும். அண்மைப் புகைப்படம் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள், தொலைபேசி எண்ணை உடையிலேயே தைத்துவிடுங்கள், அவர் முன்பு குடியிருந்த, வேலை பார்த்த இடங்களை எழுதி வையுங்கள். கிடைத்தவுடன் திட்டாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செய்தியைப் பகிர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் வீடு திரும்பியதும் அதை அழித்துவிடுங்கள். நான் குறிப்பிட்ட அந்தத் தாய் மறுநாளே கிடைத்துவிட்டார். அவர் மகளுக்கு இன்னும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.