சரக்கு இல்லை, சரி. சர்க்கரை?

முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் ஓ.பி.யில் ஒரே கதைதான். இந்த வாரம் வந்த அம்மாவுக்கு, கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி வீட்டு குளுக்கோமீட்டர் 340 காட்டியிருக்கிறது. இலையில் வைத்த ஜாங்கிரியைத் தொடவே இல்லையாம். கொஞ்சம் துருவிக் கேட்டபின் சொன்னார்: "வாசல்ல மாக்டெயில் கவுண்டர் வச்சிருந்தாங்க டாக்டர். அதுலதான் சரக்கே இல்லையே, ரெண்டு கிளாஸ் குடிச்சேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மது இல்லாதது என்றால் பத்தியத்துக்கு ஏற்றது என்று யார் சொன்னார்கள்? கவுண்டர் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்த நீல சிரப் 30 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. அதன் மேல் பாட்டில் லெமன் பானம் 150 மில்லி, அதில் 15 கிராம் வரை. மொத்தம் ஏழு டீஸ்பூன். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐஸ் சில்லென்று இருப்பதால் அவ்வளவு தித்திப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. "ஃப்ரெஷ் ஜூஸ்லதான் போட்டாங்க" என்பவர்களுக்கும் இதே பதில்தான். சக்கையை வடிகட்டிய பழச்சாறும் விறுவிறுவென்று சுகரை ஏற்றும்.

இந்தப் பானங்கள் நல்ல நோக்கத்தில் வந்தவைதான். அமெரிக்காவில் மதுவுக்கு எதிரான இயக்கம் வலுத்திருந்த காலம் அது. 1862இல் ஜெரி தாமஸ் என்ற அமெரிக்க பார்டெண்டர் வெளியிட்ட காக்டெயில் கையேட்டிலேயே மது சேராத பானங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. 1930களின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பெயரில் வந்ததுதான் மிகப் பிரபலம்: ஜிஞ்சர் ஏல் என்ற இனிப்பு இஞ்சி சோடா, கிரெனடின் என்ற சிவப்பு சிரப், மேலே ஒரு செர்ரி. குடிக்காதவருக்கும் கையில் ஓர் அழகான கிளாஸ் வேண்டும். குடியை விட்டவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஷெர்லி டெம்பிளே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அந்தப் பானம் தனக்குப் பிடிக்காது, ரொம்ப இனிப்பு என்றார். மதுவின் காரமும் கசப்பும் போன இடத்தைச் சிரப்பால் நிரப்புகிறார்கள். அங்கேதான் கோளாறு.

கிளாஸை விட வேண்டாம், சிரப்பை விடுங்கள். வெறும் சோடா, அரை எலுமிச்சை, நசுக்கிய இஞ்சி, புதினா, ஒரு சிட்டிகை உப்பு. பிபி இருந்தால் உப்பும் வேண்டாம். "லெமன் சோடா" என்று மட்டும் கேட்காதீர்கள், பாட்டில் பானத்தை ஊற்றிவிடுவார்கள். "சிரப், சர்க்கரை எதுவும் போடாதீங்க தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதேதான். குடித்துவிட்டோமே என்று பயந்து இன்சுலினை நீங்களாகக் கூட்டிப் போடவே போடாதீர்கள். சுகர் இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் மட்டும் அந்த இனிப்புப் பானத்தைத் தயங்காமல் அரை கிளாஸ் குடியுங்கள்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். கேட்டரிங்காரரிடம் மெனு பேசும்போதே சிரப் இல்லாத பானம் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். கவுண்டரில் அதன் பெயரை, வயதானவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.